குழாய்ப் பனியும் யென்சன் துரையும்

யென்சன் துரைக்கு நான் கடன்பட்டவன். இன்று வாழைச்சேனையில் எனக்குச் சொந்தமாக இரண்டு ஐஸ் ஆலை இருக்கிறதென்றால், அந்தத் தொழிலை என் கையில் தந்தவர் அவர். வாங்கிக்கொள்ளத் தெரிந்த கை என்னுடையது; அதையும் சொல்லத்தான் வேண்டும்.

நான் மூன்றாம் வகுப்போடு நின்றவன். கரடியனாற்று வயல்வட்டையில் கூலிக்கு நெல் அரிவு வெட்டிக்கொண்டிருந்த என்னை, அறுபத்திரண்டாம் ஆண்டு வாழைச்சேனை ஐஸ் ஆலையில் ஐஸ் சுமக்க எடுத்தார்கள். கம்பனி டென்மார்க்குடையது; பல நாடுகளில் இறாலுக்கு ஐஸ் ஆலை போட்டிருந்தது. மிசினை ஓட்டி எங்களைப் பழக்கிவிட்டுப் போக வந்தவர்தான் துரை. அவர் இங்கிலிசில் சொல்வதை, கணக்கெழுதும் கிளாக்கர் பிலிப்பு ஐயா தமிழில் சொல்வார்.

மிசின் ஒழுங்காக ஓடினால் ஒரு குழாயில் வெள்ளையாய்ப் பனி படியும். காலையில் துரை பார்க்கும்போது அது இருக்கும். மத்தியானச் சாப்பாடு முடிந்து வந்தால் குழாய் மொட்டையாய் நிற்கும். மீற்றரிலும் பிழை தெரியவில்லை. மனிதர் மிசினை மூன்று தடவை கழற்றிப் பூட்டினார்.

நடந்தது இதுதான். துரை சாப்பிடப் போனதும், எங்களோடு ஐஸ் சுமந்த ஓட்டமாவடி மஜீட் சீனி கொண்டுவருவான். கூலிக்காரர் நாங்கள் எல்லோரும் அந்தப் பனியைக் கத்தியால் சுரண்டி, சீனி போட்டுத் தின்போம். எங்கள் வெயிலுக்கு அது அமுதம். அந்தப் பனியைப் பார்த்துத்தான் துரை மிசினுக்கு நாடி பிடிக்கிறார் என்று யாருக்குத் தெரியும்?

ஒரு நாள் பிலிப்பு ஐயா வந்தார். குழாயில் பனி நிற்காததால் மிசின் பழுதாம், கழற்றிக் கப்பலில் ஏற்றப் போகிறார்களாம், எல்லோருக்கும் கணக்கு முடித்து அனுப்பச் சொல்லியாயிற்று என்றார். எனக்குத் திரும்பவும் வட்டைதான்.

"ஐயா, நாம பனி தின்னுற கதைய அவருக்குச் சொல்லுங்க," என்றேன்.

"நான் சொல்ல மாட்டன் கா. நானும் திண்டனான்."

எனக்கு இங்கிலிசு தெரியாது, பயமும் தெரியாது. துரையின் கையைப் பிடித்துக் குழாயடிக்குக் கொண்டுபோனேன். அவர் கண்முன்னே பனியைச் சுரண்டிக் கோப்பையில் போட்டு, சீனி தூவி நீட்டினேன். குழாயைப் பார்த்தார், கோப்பையைப் பார்த்தார், ஒரு வாய் தின்றார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

கப்பல் பேச்சு அன்றோடு நின்றது. அதன்பின் எங்களுக்கு நடுவில் கிளாக்கர் தேவைப்படவில்லை. துரை என் கையை எடுத்துக் குழாய் குழாயாக வைப்பார்: இங்கே சுட வேண்டும், இங்கே குளிர வேண்டும், பனி இந்த இடத்தைத் தாண்டினால் இந்தத் திருகை இறுக்கு. அப்படியொரு வாத்தியார் எனக்கு எந்தப் பள்ளிக்கூடத்திலும் வாய்க்கவில்லை. புது ஊருக்குப் போனால் முதலில் கூலிக்காரரோடு சாப்பிடுங்கள் என்று, ஆபிரிக்காவிலிருந்த தன் கம்பனி ஆட்களுக்கும் எழுதினாராம். அந்தப் புத்தி என்னிடமிருந்து அவருக்குப் போனது.

மாதக் கடைசியில் பிலிப்பு ஐயா வழக்கமான கூலியை எண்ணத் தொடங்கினார். பக்கத்தில் நின்ற துரை தடுத்து ஏதோ சொன்னார்.

"இராயப்பு, இனி நீதான் மிசின்காரனாம். கைய நல்லா விரி," என்றார் பிலிப்பு ஐயா.

விரித்தேன். பத்து ரூபாய் நோட்டுகளை ஒவ்வொன்றாக என் உள்ளங்கையில் எண்ணி வைத்தார்.