வந்து சேராத கோல் கீப்பர்

போன கிழமை இங்கே கனடாவில், அஜின்கோர்ட்டில் ஒரு தமிழ்க் கடைக்கு மீன் வாங்கப் போனேன். மனைவி அறக்குளா என்று சொல்லியனுப்பியிருந்தாள். குளிர்ப்பெட்டிக்குள் கையை விட்டு அடியில் கிடந்த பார்சல்களைக் கிளறியதில் விரல் நுனிகள் மரத்துவிட்டன. வெளியே எடுத்து உதறிப் பார்த்தேன், உணர்ச்சி வரவில்லை. பக்கத்தில் நின்ற பிள்ளை, "ஆர் யூ ஓகே, அங்கிள்?" என்று கேட்டாள். ஓம் என்றேன். அந்தத் தடுமாற்றத்தில் அறக்குளாவை விட்டுப் பாரையை எடுத்து வந்து, வீட்டில் பேச்சும் வாங்கினேன்.

விரல் மரத்தால் எனக்குத் தொண்ணூறுகள் ஞாபகம் வந்துவிடும். அப்போது ஸ்காபரோவில் கோழி இறைச்சியை உறைய வைத்துப் பெட்டியில் அடைக்கிற தொழிற்சாலை ஒன்று இருந்தது. கனடா வந்த மூன்றாம் மாதம் அதில் சேர்ந்தேன். இரண்டு சோடி கையுறை போட்டாலும் பத்து மணிக்கெல்லாம் விரல்கள் எங்களுடையவையாக இருக்காது. மத்தியானச் சாப்பாட்டுக்கு விட்டதும் முதலில் சுடுதண்ணீர்க் குழாயின் கீழே கையைப் பிடிப்போம். இல்லாவிட்டால் பிட்டைக் குழைத்து வாயில் வைக்க முடியாது. மைக்ரோவேவில் மீன்குழம்பைச் சூடாக்கினால் மற்றவர்கள் மூக்கைச் சுளிப்பார்கள் என்று கதவோரத்து மேசையை எங்களுக்கென்று எடுத்துக்கொண்டோம். ஒருவரும் எங்களை ஒதுக்கவில்லை, உண்மையைச் சொன்னால் நாங்களாகவே ஒதுங்கினோம்.

அந்த மேசையில் நான், கிருபை, மணியண்ணை என்று மூன்று பேர். கிருபையும் நானும் ஊரில் எதிரெதிர்க் கல்லூரிகள். உதைபந்து என்றால் யாழ்ப்பாணத்தில் எங்கள் இரண்டு கல்லூரிகளுக்கும்தான் போட்டி என்பது எங்கள் இருவரின் கருத்து. மணியண்ணையின் பள்ளிக்கூடத்தில் பந்தே இருக்கவில்லை. அதனால் அவரை நடுவராக வைத்திருந்தோம். என்னைப் பெரிய விளையாட்டு வீரன் என்று நினைத்துவிடாதீர்கள். இடைவேளையில் விளையாடுகிற பெடியன்களுக்குத் தோடம்பழம் வெட்டிக் கொடுத்ததுதான் கல்லூரிக்கு நான் செய்த சேவை. ஆனால் ஸ்காபரோவில் அதை யார் கண்டது? வாயால் நான் எத்தனையோ கோல் அடித்திருக்கிறேன்.

அந்த வருடம் ஆடி மாதத்துச் சனிக்கிழமை ஒன்றில் இரண்டு கல்லூரிகளின் பழைய மாணவர்களும் ஒரு பூங்காவில் மோதுவதாக இருந்தது. எங்கள் பக்கத்து இடதுகால்காரன் பீட்சா கொண்டுபோய்க் கொடுக்கிற வேலையில் தானும் நாலைந்து தின்று வயிறு வைத்திருந்தான். அவர்கள் பக்கத்தில் கோல் கீப்பர், கிருபையின் அண்ணன் யோகன். ஊரில் கடைசி மட்சில் கடைசி நிமிடத்து பெனால்டியை ஒற்றைக் கையால் தட்டி எங்களை அழவைத்தவன்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. யோகன் கனடாவில் இல்லை. காசு வாங்கிக் களவாக நாடு கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனின் கையில், வழியில் இருந்தான். மாரிக் குளிருக்கு முதல் மாஸ்கோவிலிருந்து கதைத்ததாகக் கேள்வி. வேறு எந்த நாட்டுக்காரனும் இப்படிச் செய்திருப்பானா தெரியாது, எங்கள் ஆட்கள் வழியில் இருக்கிறவனையும் அணியில் போடுவார்கள். கிருபை எழுதிய பட்டியலில் முதல் பெயர் யோகன்.

"வராதவன்ர பேரை எப்பிடிப் போடுவாய்?" என்று நான் கேட்பேன்.

"வருவான். நீ உங்கட வயித்துக்காரனைப் பார்."

"வந்தாலும் களைச்சுப்போய் வருவான். எங்கட ஆள் அடிக்கிறதைப் பிடிக்கேலாது."

"களைச்சாலும் அவன் ஒரு கையாலயே பிடிப்பான்."

மணியண்ணை சோற்றை விழுங்கிவிட்டுத் தீர்ப்புச் சொல்வார். "போடட்டும் தம்பி. வந்தா நிக்கட்டும், வராட்டி வேற ஆளை விடட்டும்."

சித்திரையில் தொடங்கிய வாக்குவாதம் இது. ஒவ்வொரு நாளும் அதே கேள்வி, அதே பதில், அலுக்கவில்லை.

ஆனி மாதத்து ஞாயிறு ஒன்றில் ஜேர்மனியிலிருந்து என் மச்சான் போன் எடுத்தான். மாரிப் பனியில் எல்லைக் காட்டுக்குள்ளால் நடத்திக் கூட்டிவந்த ஒரு கூட்டத்தில், விடியப் பார்த்தபோது ஒருவன் எழும்பவில்லையாம். கூட வந்தவன் ஜேர்மனிக்கு வந்து விபரம் சொன்னானாம், மச்சானின் காதுக்கு இப்போதுதான் எட்டியதாம். பெயர் யோகன்.

எனக்கு அழுகை வரவில்லை. ரிசீவரை வைத்துவிட்டுத் தேத்தண்ணீர் போட்டுக் குடித்தேன். அந்த நாட்களில் இப்படியான செய்திகளைக் கேட்டுக் கேட்டு, உள்ளுக்குள் எதுவும் அசையாத ஒரு நிலைக்கு வந்திருந்தோம். அது தைரியம் என்று அப்போது நினைத்தேன்.

திங்கட்கிழமை மணியண்ணையிடம் மட்டும் சொன்னேன். "மட்ச் முடியட்டும். பிறகு ரெண்டு பேருமாப் போய்ச் சொல்லுவம்" என்றார். சாவுச் செய்தியைத் தனியே இருக்கிறவனுக்கு உடனே சொல்லாமல் வசதியான நாள் பார்த்துச் சொல்வது எங்களுக்குள் இருந்த வழக்கம். பரீட்சை முடியட்டும், அகதி வழக்கு முடியட்டும் என்று பொத்திவைத்த சாவுகள் ஸ்காபரோவில் எத்தனையோ.

ஆகவே வாக்குவாதம் தொடர்ந்தது. நான் நிறுத்தினால் கிருபைக்குச் சந்தேகம் வரும் அல்லவா? செத்தவனுக்குப் பந்து பிடிக்கத் தெரியாது என்று நான் மூன்று கிழமை சொன்னேன். கிருபை விட்டுக்கொடுக்காமல் நின்றான்.

மட்சுக்கு முதல்நாள், வெள்ளிக்கிழமை, கிருபை ஒன்றாம் நம்பர் சட்டையை மேசைக்குக் கொண்டுவந்தான். அச்சடித்து வந்த புதுச்சட்டை, பெரிய சைஸ். "அவனுக்குத் தோள் அகலம்" என்று சொல்லி விரித்துக் காட்டினான். மணியண்ணை எழுந்து கை கழுவப் போய்விட்டார்.

மூன்றரைக்கு வேலை முடிந்து பஸ் தரிப்பில் நின்றோம். வெயில் எறித்தது. மணியண்ணை சொன்னதை மீறி நான் வாயைத் திறந்தேன்.

"கிருபை, உன்ர அண்ணை..."

"தெரியும்" என்றான்.

அவன் றோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். "சித்திரையிலயே தெரியும். ஜேர்மனியில எனக்கும் ஆக்கள் இருக்கினம். அம்மாவோட கதைச்சா அழுகை. அறையில பெடியள் என்னைக் கண்டா வாய் திறக்கிறேல்லை. நீங்கள் ரெண்டு பேரும்தான் அவன் வருவானோ, பிடிப்பானோ எண்டு கதைச்சனீங்கள்."

பஸ் வருகிறதா என்று எட்டிப் பார்த்துவிட்டு அவனே தொடர்ந்தான்.

"மட்ச் நாளைக்குத்தானே. நாளைக்குப் பின்னேரம் சொல்லியிருக்கலாமே, மச்சான்."

குரலில் கோபம் இல்லை. பஸ் வந்தது, இரண்டு பேரும் ஏறி வேறுவேறு சீற்றில் இருந்தோம்.

மறுநாள் யோகனின் சட்டையை வேறொருவன் போட்டு நின்றான். அவனுக்கு அது தொளதொளவென்று இருந்தது. நாங்கள் மூன்றுக்கு ஒன்று வென்றோம். சந்தோஷப்பட்டதாக ஞாபகம் இல்லை. திங்கட்கிழமை மணியண்ணை, "அந்த மூண்டாவது கோல் ஓஃப்சைட் எண்டு சொல்லுறாங்கள்" என்று மெல்லத் தொடங்கிப் பார்த்தார். கிருபை சாப்பாட்டுப் பெட்டியை மூடினான். அதற்குப் பிறகு எங்களுக்குள் பந்துக் கதை இல்லை.

தொழிற்சாலையை இடித்து இப்போது அந்த இடத்தில் வீட்டுச் சாமான் வாடகைக்கு வைக்கும் கிட்டங்கி கட்டியிருக்கிறார்கள். மணியண்ணை காலமாகிவிட்டார். கிருபை அஜக்சில் வீடு வாங்கிப் போனான். கலியாண வீடுகளில் கண்டால் நாலுநூற்றொன்று நெடுஞ்சாலையின் நெரிசலைப் பற்றியும் பிள்ளைகளின் படிப்பைப் பற்றியும் கதைக்கிறோம். அவனுடைய பிள்ளைகளுக்கு ஒரு பெரியப்பா இருந்தது தெரியுமா என்று நான் கேட்டதில்லை.

உண்மையைச் சொல்லிவிட்டேன் என்று கனகாலம் ஆறுதல்பட்டுக்கொண்டிருந்தேன். சித்திரை தொடக்கம் அண்ணனைச் சாகவிடாமல் பிடித்து வைத்திருந்தவனுக்கு இன்னும் ஒரே ஒரு நாள் மிச்சம் இருந்தது. நான் அதைக்கூட விட்டுவைக்கவில்லை.