பதினோராம் விதியும் காருக்குள் வந்த தண்ணீரும்

"உறுப்பினர் எவரேனும் கேட்கும் கேள்விக்கு ஏழு நாட்களுக்குள் பதில் அளிக்கப்பட வேண்டும்; பதில் அளிக்க இயலாவிடில், இயலாமைக்கான காரணமாவது அதே ஏழு நாட்களுக்குள் தெரிவிக்கப்பட வேண்டும்."

எங்கள் கார் உரிமையாளர் சங்கத்தின் இணைய ஃபோரத்தில் இது பதினோராம் விதி. மொத்தம் முப்பத்து நான்கு விதிகள். எழுதியவன் நான், அந்த அரைப்புள்ளி உட்பட.

ஐப்பசி முதல் வாரத்தில் அந்த ஃபோரத்தில் ஒரு கேள்வி போட்டேன். உரிய பகுதியில், உரிய தலைப்பில், வண்டியின் ஆண்டும் ஓடிய கிலோமீட்டரும் குறிப்பிட்டு, மூன்றுக்கு மேற்படாத புகைப்படங்களுடன் போட்டேன். ஏழு நாள் ஆயிற்று. பதில் இல்லை, காரணமும் இல்லை. எட்டாம் நாள் காலை உள்ளே போய்ப் பார்த்தேன். பக்கத்தின் அடியில் "இப்போது உள்ளே இருப்பவர்: 1" என்று காட்டியது. அந்த ஒருவன் நான்தான்.

முப்பது வருடத்துக்கு மேல் அரசு அலுவலகத்தில் அடுத்தவர் எழுதிய விதிகளை அமல்படுத்திவிட்டு ஓய்வு பெற்றவன் நான். அப்படிப்பட்டவனுக்குச் சொந்தமாக விதி எழுத ஓர் இடம் கிடைத்தால் என்ன ஆகும் என்பதை அந்த ஃபோரத்துக்குப் போனால் பார்க்கலாம். எங்கள் கார் தயாரிப்பு நிறுத்தப்பட்டுப் பல வருடமான பழைய டீசல் கார். கம்பெனி அதைக் கைவிட்ட பிறகு கோவை, ஈரோடு, திருப்பூர் பக்கம் அதை வைத்திருந்தவர்கள் ஒன்றுகூடி ஃபோரம் தொடங்கினார்கள். எந்த உதிரி பாகம் உக்கடத்துப் பழைய கடையில் கிடைக்கும், எந்த சத்தத்துக்குப் பயப்பட வேண்டும், எதற்குப் பாட்டை உரக்க வைத்தால் போதும், எல்லாம் அதில் இருந்தது. என்னை மாடரேட்டர் ஆக்கினார்கள். தப்பான பகுதியில் எழுதினால், அதற்குமேல் யாரும் பதில் போட முடியாதபடி பூட்டுவேன். தேடிப் பார்க்காமல் கேட்டால் பூட்டுவேன். ஒருவர் தன் காருக்குப் பிறந்தநாள் வாழ்த்து எழுதினார், அதையும் பூட்டினேன். சந்தோஷமான நாட்கள்.

பிறகு ஆட்கள் முதலில் ஃபேஸ்புக்குக்கும், அப்புறம் வாட்ஸ்அப்புக்கும் போனார்கள். சிங்காநல்லூரில் லேத் பட்டறை வைத்திருக்கும் ஒருவர் குரூப் தொடங்கி அட்மின் ஆனார். என்னையும் சேர்த்தார். அங்கே விதி என்று ஒன்றும் கிடையாது. காலையில் ரோஜாப்பூவுடன் வணக்கம், மதியம் யாரோ ஒருவர் வீட்டு வளைகாப்பு, நடுவில் "என்ஜின் ஆயில் எது போடலாமுங்க?" என்ற கேள்வி. போன வாரம் வந்த அதே கேள்வி. போன வாரம் வந்த அதே பதில்கள். முந்தின நாள் யார் என்ன சொன்னார் என்று தேடப் போனால் ரோஜாப்பூக்களுக்குள் கை விட்டுத் துழாவ வேண்டும். நான் அதில் ஒரு வார்த்தை எழுதியதில்லை. கேள்விகள் ஃபோரத்தில் மட்டுமே கேட்கப்பட வேண்டும் என்பது ஆறாம் விதி.

என் கேள்வி இதுதான்: மழை பெய்தால் முன்சீட்டில் டிரைவருக்குப் பக்கத்தில் கால் வைக்கும் இடத்தில் தண்ணீர் தேங்குகிறது. அந்தக் கால் என் மனைவியுடையது. கதவு ரப்பரை மாற்றியாயிற்று, முன்கண்ணாடியைச் சுற்றிப் பசை பூசியாயிற்று. தண்ணீர் எதையும் பொருட்படுத்தவில்லை. அவிநாசி ரோட்டில் ஒரு மழையில் அவள் இரண்டு காலையும் தூக்கி சீட்டின் மேல் வைத்துக்கொண்டு சம்மணமிட்டு வந்தாள்.

"ஏனுங்க, இதுல கெண்டை உடலாமுங்களா, கட்லா உடலாமுங்களா?" என்றாள்.

"ஃபோரத்தில் கேட்டிருக்கிறேன்."

"கேட்டு எத்தன நாளாச்சுங்க?"

"இன்றோடு எட்டு."

"யாரு படிப்பாங்க அத? நீங்க எழுதி நீங்களே படிச்சு நீங்களே பூட்டிக்கோணும்." பிறகு தீர்ப்பு வந்தது. "பொங்கலுக்குள்ள இந்த வண்டி காஞ்சு கெடக்கோணும். இல்லீனா பல்லடத்துக்குத் தாட்டி உட்டுருவேன்."

பல்லடத்தில் அவள் தம்பி கோழிப்பண்ணை வைத்திருக்கிறான். கோழித் தீவன மூட்டை ஏற்ற ஒரு வண்டி வேண்டும் என்று மூன்று வருடமாக என் காரைப் பார்த்துக்கொண்டிருக்கிறான். அக்கா சொன்னது எப்படியோ மறுநாளே அவனுக்குத் தெரிந்துவிட்டது. போன் செய்தான்.

"மாமா, வண்டி எப்ப வருதுங்க? கோழிக எல்லாம் வழியப் பாத்துட்டு இருக்குதுங்க."

அந்த வண்டியில்தான் என் மகளைக் கல்லூரியில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்ததும் அதில்தான். பின்சீட்டில் தீவன மூட்டை அடுக்கியிருப்பதை ஒரு கணம் கற்பனை செய்து பார்த்தேன்.

அதே வாரத்தில் என் மனைவி எனக்குத் தெரியாமல் அட்மினுக்குப் போன் செய்து குரூப்பில் சேர்ந்தாள். சேர்ந்ததும் தண்ணீருக்குள் தன் செருப்பு மிதக்கும் படத்தைப் போட்டு, "இதுக்கு என்னங்க பண்றது?" என்று எழுதினாள். ஆண்டு இல்லை, கிலோமீட்டர் இல்லை, தலைப்பு இல்லை. நான் பார்ப்பதற்குள் முப்பது பதில் வந்துவிட்டது. ஒருவர் ஏசி பைப் என்றார். ஒருவர் அடியில் ஓட்டை போட்டுவிடச் சொன்னார். "அக்கா செருப்பு சூப்பர், எங்க வாங்குனீங்க?" என்று ஒருவர் கேட்டிருந்தார். அதற்கும் பதில் எழுதியிருந்தாள்.

"பாத்தீங்களா?" என்றாள் பெருமையாக.

"முப்பதும் தவறு," என்றேன்.

முப்பத்தோராவதாக அட்மினின் குரல் பதிவு வந்தது. பின்னால் லேத் ஓடும் சத்தம். "அக்கா, இதே சமாச்சாரத்த நம்ம பழைய ஃபோரத்துல ஒருத்தரு படத்தோட போட்டிருந்தாருங்க. சென்னிமலைக்காரரு, பெட்ஷீட் நெய்யறவரு. அருமையா எழுதியிருந்தாரு. அதுக்குப் பொறவு அவரு வரவேயில்லைங்க." இங்கே லேத்தை அணைத்துவிட்டுச் சொன்னார். "சார்தானுங்க அதப் பூட்டிப்போட்டாரு."

மனைவி போனைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். கம்ப்யூட்டரைத் திறந்தேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

பூட்டிய திரிகளை, அதாவது ஒரு பதிவும் அதற்கு வந்த பதில்களும் சேர்ந்த பக்கங்களை, நான் ஃபோரத்துக்குள்ளேயே ஒரு தனி அறையில் போட்டு வைப்பது வழக்கம். மாடரேட்டர் மட்டும்தான் அதற்குள் போக முடியும். தேடினால் வெளியே யாருக்கும் கிடைக்காது. "கேட்கும் முன் தேடுக" என்று முதல் விதியை எழுதியவன், தேடினாலும் கிடைக்காத இடத்தில் பதில்களைப் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்திருக்கிறேன். இது அந்த நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோதுதான் எனக்கே உறைத்தது.

திரி இருந்தது. ஆறு வருடப் பழையது. புதியவர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்ளும் பகுதியில், "ஒரு சந்தோசமுங்க" என்ற தலைப்பில், ஏழு படங்களுடன் போட்டிருந்தார். வைப்பருக்குக் கீழே உள்ள கருப்பு மூடியைக் கழற்றினால் ஒரு பள்ளம் இருக்கும், அதன் ஓரத்தில் மழைத்தண்ணீர் வெளியேறும் ஒரு துளை, மரத்தடியில் நிறுத்தினால் இலை போய் அதை அடைத்துக்கொள்ளும், அடைத்தால் தண்ணீர் காருக்குள் திரும்பும். தறியில் நூல் கோக்கும் மெல்லிய கொக்கியால் அவர் அதைக் குத்தி எடுத்திருந்தார். அதற்குக் கீழே சிவப்பு எழுத்தில் என் குறிப்பு. மனைவி அதை ரேடியோவில் செய்தி வாசிப்பவரைப் போல நிறுத்தி நிதானமாகப் படித்தாள்.

"விதிகள் நான்கு, எட்டு, பன்னிரண்டு ஆகியவை மீறப்பட்டுள்ளமையால் இத்திரி பூட்டப்படுகிறது." தலையைத் திருப்பினாள். "ஏனுங்க, அந்த மனுசன் சந்தோசமுன்னு எழுதியிருக்கறாரு. அதுக்கு எந்த விதி?"

அதோடு முடிந்திருந்தால் தேவலை. அதே நாளில் அவர் எனக்குத் தனியாக ஒரு கடிதம் அனுப்பியிருந்தார். "ஐயா, எந்த எடத்துல போடோணும்னு சொன்னீங்கன்னா அங்கயே போட்டுடறேனுங்க." நான் பதில் எழுதவில்லை. எழுத இயலாமைக்கான காரணத்தையும் தெரிவிக்கவில்லை. பதினோராம் விதி.

மறுநாள் காலை மூடியைக் கழற்றினோம். கொக்கிக்குப் பதிலாக மனைவி ஒரு பழைய குடைக் கம்பியை நிமிர்த்திக் கொடுத்தாள். கைப்பிடி கைப்பிடியாகக் கறுத்த வேப்பிலைச் சகதி வந்தது. "வண்டியை எப்போதும் மரநிழலில் நிறுத்துக" என்று ஃபோரத்தின் முகப்பில் நிரந்தரமாக ஒட்டி வைத்திருந்தவனும் நான்தான். சகதியோடு ஒரு விரல் நீளத்துக்கு வேப்பங்கன்று ஒன்றும் வந்தது, இரண்டு இலை விட்டு, நன்றாகவே இருந்தது. பிறகு மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்து கதவைச் சாத்திக்கொள்ள, நான் கண்ணாடியின் மேல் தோட்டத்து ஓஸ் பைப்பைப் பிடித்தேன். துளை வழியாகத் தண்ணீர் சக்கரத்துக்குப் பின்னால் கொட்டியது.

"உள்ள வருதா?"

"வரலைங்க!"

"இப்போது?"

"வரலை, வரலை! இன்னுங் கொஞ்சம் உடுங்க!" உள்ளே இருந்து அவள் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் எட்டிப் பார்த்தார். கணவன் தண்ணீர் அடிக்க மனைவி காருக்குள் கைதட்டுவதற்கு அவருக்கு என்ன காரணம் தோன்றியதோ, கேட்காமல் போய்விட்டார்.

வண்டி காய்ந்துவிட்டது என்று நான் நிம்மதியாக இருந்தேன். ஆனால் தீர்ப்பு திருத்தப்பட்டது. "அந்த மனுசங்கிட்ட மன்னாப்புக் கேளுங்க. பொங்கல் நோம்பிக்குள்ள அவருகிட்ட இருந்து பதில் வரோணும். வந்தா வண்டி இங்க, வரலீனா பல்லடம்."

மன்னிப்புக் கடிதம் எழுதினேன். பொருள், பார்வை, உரிய விதிகள், சூழ்நிலை எல்லாம் சேர்த்து இரண்டு பக்கம் வந்தது. அவள் படித்துவிட்டு, "இது மன்னாப்பா, மெமோவா?" என்றாள். அவள் சொல்லச் சொல்ல நான் அடித்தேன். "உங்க எழுத்தப் பூட்டுனது என்ற தப்புங்க. நீங்க சொன்ன மாதிரியே செஞ்சேன், வண்டி காஞ்சுபோச்சு. பூட்ட எடுத்துப்போட்டேன். எங்க வேணும்னாலும் எழுதுங்க." அனுப்பிய நாள் கார்த்திகை ஐந்து. திரியின் பூட்டை எடுத்து எல்லோரும் பார்க்கும் இடத்தில் வைத்தேன். அந்தத் தனி அறையையே கலைத்து, உள்ளே இருந்த மற்றத் திரிகளையும் வெளியே விட்டேன்.

அவருடைய போன் நம்பர் யாரிடமும் இல்லை. ஃபோரத்தில் கொடுத்திருந்த பழைய மின்னஞ்சல் ஒன்றுதான் வழி. ஏழு நாள் போயிற்று. நினைவூட்டல் அனுப்பும் தகுதி எனக்கு இல்லை. தினமும் காலையில் பேப்பருக்கு முன்னால் ஃபோரத்தைத் திறப்பேன். "வந்துச்சுங்களா?" என்று சமையலறையிலிருந்து கேட்பாள். மைத்துனன் போன் செய்து கோழிகளின் உடல்நிலையைத் தெரிவிப்பான்.

இதற்கிடையில் மனைவி நடந்ததை எல்லாம் குரூப்பில் சொல்லிவிட்டாள். கலைந்த அறையில் இருந்த நூற்றுக்கணக்கான திரிகளைப் படிக்கக் கூட்டம் வந்தது. "சார், என்ற வண்டிக்கு நான் போட்ட பொறந்தநாள் வாழ்த்து இன்னும் இருக்குதுங்க!" என்று ஒருவர் குரூப்பில் கூவினார். ஒரு ஞாயிறு மதியம் "இப்போது உள்ளே இருப்பவர்: 14" என்று காட்டியது. நான் அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன். குரூப்பில் என் முதல் பதிவு அந்தப் போட்டோதான். நாற்பது ரோஜாப்பூ வந்தது.

மார்கழியில் ஒரு நாள் மனைவி பொறுமை இழந்து, "நேருலயே போய்த் தேடலாம் வாங்க," என்றாள். சென்னிமலைக்குப் போனோம். பெருந்துறை தாண்டியதும் நல்ல மழை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் நீட்டி, விரல்களை ஆட்டிக்கொண்டே வந்தாள். ஊருக்குள் தெருத் தெருவாகத் தறிச் சத்தம். எங்கள் காரைக் காட்டி, இதே மாதிரி வண்டி வைத்திருப்பவரைத் தெரியுமா என்று ஒரு டீக்கடையில் கேட்டோம்.

"போன மாசங்கூட இங்கதானுங்க நின்னுச்சு. நல்லாத்தான் ஓடிட்டு இருக்குது," என்றார் டீ போட்டவர். "யாருதுன்னு தெரியலீங்களே."

அவ்வளவுதான் கிடைத்தது. மலையேறி முருகனைப் பார்த்தோம், இரண்டு பெட்ஷீட் வாங்கினோம். திரும்பி வரும்போது, "வண்டி ஓடுது, மனுசன் சொகமாத்தான் இருக்கறாரு. இன்னுங் கோவம் போகலையோ என்னமோ," என்றாள். என்னை விட அவளுக்குத்தான் கவலையாக இருந்தது.

பொங்கலன்றும் ஒன்றும் வரவில்லை. மைத்துனன் குடும்பத்தோடு வந்து பொங்கல் சாப்பிட்டு, போகும்போது என் காரைச் சுற்றி வந்து டயரை ஒரு உதை உதைத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

மறுநாள் காலை ஃபோரத்தைத் திறந்தேன். புதிய திரி ஒன்று இருந்தது. உரிய பகுதி. உரிய தலைப்பு. வண்டியின் ஆண்டு, ஓடிய கிலோமீட்டர். படம் மூன்றே மூன்று.

"ஐயா, வணக்கமுங்க. அந்த மெயில நான் பாக்கறதே இல்லைங்க. பொங்கலுக்கு வந்த புள்ளதான் எடுத்துக் குடுத்துச்சு. இதுக்கெல்லாம் எதுக்குங்க மன்னாப்பு, நான் அன்னைக்கே மறந்துட்டேன். உங்க கார் காஞ்சது ரொம்பச் சந்தோசமுங்க. இப்ப எனக்குப் பின்சீட்டுல தண்ணி வருதுங்க. சரியான எடத்துலதான் போட்டிருக்கறனுங்களா?"

மனைவியைக் கூப்பிட்டேன். ஈரக் கையோடு வந்து தோளுக்குப் பின்னால் நின்று படித்தாள். இரண்டு முறை படித்தாள். பிறகு பல்லடத்துக்குப் போன் போட்டு, "கண்ணு, கோழிகளுக்கு வேற வண்டி பாத்துக்க," என்று சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"ஏழு நாள் இருக்குதுங்க உங்களுக்கு."

ஏழு நிமிடத்தில் பதில் எழுதினேன். எந்த இடத்தில் போட்டாலும் சரியான இடம்தான் என்று ஆரம்பித்து, பின்விளக்கின் ரப்பரைக் கழற்றிப் பார்க்கச் சொல்லி, பின்சீட்டில் யார் உட்காருவது என்றும் விசாரித்தேன். என் மன்னிப்புக் கடிதத்துக்கு அவருடைய பதில் எங்களுக்கு வந்து சேர்ந்தது தை இரண்டாம் தேதி, எங்கள் பக்கத்தில் பட்டிப் பொங்கல் என்று சொல்லும் மாட்டுப் பொங்கலன்று காலை ஏழே கால் மணிக்கு, பொங்கல் நோம்பி முடியும் முன்பே.