பச்சைக் கதவுக்குப் பின்னால்

டிவி கேம் கேசட்டின் அடிவாயில் உதட்டை வைத்து ஊதினால், செம்புக் காசைச் சப்பியது போல ஒரு ருசி நாக்கில் ஒட்டிக்கொள்ளும். அந்த ருசியோடு, அம்பத்தூர் எஸ்டேட்டுக்குப் பின்புறம் லேத் பட்டறைகளை ஒட்டி வரிசையாகக் கட்டியிருந்த ‘லைன் வீட்டில்’ என் வகுப்புத் தோழன் டில்லியின் ஒற்றை அறையும், அந்தக் கோடை விடுமுறையும் இன்றும் என் வாய்க்குள் வந்துவிடுகின்றன.

லேத் வேலைக்குப் போய்க்கொண்டிருந்த டில்லியின் அண்ணன் சேகர், நிறைய விளையாட்டுகள் அடங்கிய கேசட் ஒன்றைச் சந்தையில் வாங்கி வந்திருந்தார். மற்றவையெல்லாம் தொடங்கும்போதே பீப்பீ என்று இரையும். கடைசியாக இருந்தது மட்டும் ஊமை. ஆளில்லாத ஒரு தெரு, அதில் நாம் நடத்திச் செல்லும் பொம்மை, தெருமுனையில் ஒரு பச்சைக் கதவு, அவ்வளவுதான். எந்தப் பொத்தானை அமுக்கினாலும் கதவு திறக்காது. நாங்கள் அதற்குக் ‘கதவு கேம்’ என்று பெயர் வைத்தோம். தூசிதான் காரணம் என்று நம்பி, கேசட்டைக் கழற்றிக் கழற்றி ஊதினோம்.

“அடுப்ப ஊதச் சொன்னா மூச்சு இல்ல, இத்த மட்டும் ஊதிகினே கீறானுங்க” என்பார் டில்லியின் அம்மா.

ஒருநாள் சாப்பிட்டுக்கொண்டே சேகர் அண்ணன் சொன்னார்: “நான் உள்ள போய்ப் பாத்துகீறேன்டா. நீலச் செவுரு. ஒரே ஒரு நாற்காலி. ஒர்த்தன் நமக்கு முதுகு காட்டிகினு குந்திகினு கீறான்.”

“எப்டிண்ணா தெறந்த?”

“ஞாயித்துக்கெழம காட்றேன்.”

அந்த ஞாயிறு வருவதற்குள் அப்பாவோடு சண்டை போட்டுக்கொண்டு, டில்லியிடம் மட்டும் திரும்பி வருகிறேன் என்று சொல்லிவிட்டு வீட்டை விட்டுப் போனவர் திரும்பவே இல்லை. “அவன் வாயத் தொறந்தாலே பொய்யி. திரும்பி வர்றதா சொன்னதும் பொய்யிதான்” என்று அப்பா அடித்துச் சொல்லிவிட்டார். டில்லிக்கு அதைத்தான் தாங்க முடியவில்லை. அந்தக் கதவு திறந்துவிட்டால் அண்ணன் சொன்னது மெய்யாகும், கதவு விஷயம் மெய் என்றால் திரும்பி வருகிறேன் என்றதும் மெய்தான் என்று அவன் தனக்குள் ஒரு கணக்கு வைத்திருந்தான். விடுமுறை முடிந்த பிறகும், பள்ளி விட்டு வந்ததும் உட்கார்ந்து ஊதுவான். எச்சில் பட்டுப் பட்டு உள்ளே இருந்த தகடுகள் பச்சை பூத்து, கேசட் செத்துப்போனது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். இன்று அதே எஸ்டேட்டில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் வேலை பார்க்கிறேன். ஒரு கருவிக்காகச் செய்த வீடியோ கேமை இன்னொரு கருவியில் ஓடும்படி மாற்றுவதைப் ‘போர்ட்’ என்கிறோம். அவற்றில் பல பாதியில் நின்றுபோகும். சின்னக் கருவியின் நினைவகத்தில் பெரிய விளையாட்டு அடங்காது, அல்லது வேலை முடிவதற்குள் புதுக் கருவி சந்தைக்கு வந்துவிடும். கைவிடப்பட்ட அரைகுறைப் பிரதி எப்படியோ கசிந்து, எங்கோ ஒரு மலிவான கேசட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும்.

அப்படிப்பட்ட போர்ட்டுகளைத் தேடிச் சேர்க்கும் இணையதளம் ஒன்றில் போன வாரம் அந்தப் பச்சைக் கதவைக் கண்டேன். விளையாட்டுக் கூடங்களில் வைக்கும் பெரிய பெட்டிக்காகச் செய்ததை வீட்டு டிவிக்குச் சுருக்கியிருக்கிறார்கள். தெருவை வரைந்ததோடு இடம் தீர்ந்துவிட, வீட்டின் உட்புறத்தைச் செய்யாமலே விட்டுவிட்டார்கள். எங்கள் கேசட்டில் அந்தக் கதவுக்குப் பின்னால் எதுவுமே இருந்ததில்லை. இதை டில்லியிடம் எப்படிச் சொல்வது என்று குழம்பியபடி, மதிய இடைவேளையில் அலுவலகக் கணினியில் மூல விளையாட்டைத் தேடி எடுத்து ஓட்டினேன்.

கதவு தானாகத் திறந்தது. நீலச் சுவர். ஒரே ஒரு நாற்காலி. முதுகைக் காட்டியபடி ஒருவன்.

அந்தப் பெட்டி நம் நாட்டுக்கே வந்ததில்லை என்கிறது அதே தளம். வீட்டை விட்டுப் போகும்வரை சேகர் அண்ணன் அம்பத்தூரைத் தாண்டிப் போனதும் இல்லை.

ஆட்டோ ஓட்டிக்கொண்டிருந்த டில்லியைக் கைபேசியில் அழைத்துச் சொன்னேன். வண்டியை ஓரங்கட்டும் சத்தம் கேட்டது.

“அப்போ அண்ணன் பொய் சொல்லல மாமே.”

“சொல்லலடா.”

“அந்த ஆளு திரும்பினானா?”

“இன்னும் இல்ல. அப்டியே நிறுத்தி வெச்சிகீறேன்.”

“நான் வர்ற வரைக்கும் தொடாத.”

கீழே இறங்கி வாசலில் நிற்கிறேன். எதிரே லைன் வீடு இருந்த இடத்தில் அடுக்குமாடியின் கார் நிறுத்தம். பட்டறைகளும் போய்விட்டன, அவற்றின் இரைச்சலும் போய்விட்டது. நடுப்பகலில் ஊமையாக, ஆளின்றிக் கிடக்கிறது தெரு. கேசட்டுக்குள் இருந்த இதே தெருவில் நான் முன்பே நடந்திருக்கிறேன். மேலே, என் மேசையில், முதுகைக் காட்டி ஒருவன் உட்கார்ந்திருக்கிறான். டில்லியின் ஆட்டோ இன்னும் வரவில்லை.