மாத்திரைக்குப் பின் ஒரு வெல்லக்கட்டி

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைகளில் ஒரு மருத்துவ விஞ்ஞானம் உண்டு. தொண்டையில் மண் தூசி இறங்கினால் வெல்லம் தின்ன வேண்டும். தூசியை அது இழுத்துக்கொண்டு போய்விடும். எந்தக் கல்லூரியும் இதற்குப் பட்டம் தருவதில்லை. ஆயினும், பொம்மைகளுக்குப் பிசிறு சீவும் பூவாயி இதில் கரைகண்டவள்.

அவளுக்கும் எட்டு வயது மகள் கனிமொழிக்கும் எச்.ஐ.வி. உண்டு. கணவன் வைத்துவிட்டுப் போன சொத்து அது ஒன்றுதான். அரசாங்கம் இலவசமாகத் தரும் மாத்திரையை, பக்கத்து வீட்டு டிவியில் தொடரின் பாட்டு தொடங்கியதும் இருவரும் விழுங்குவார்கள். கதாநாயகியை மாமியார் எத்தனை முறை விரட்டினாலும் இவர்கள் ஒரு வேளையும் தவறியதில்லை. பரிசோதனையில் தட்டுப்படாத அளவுக்குக் கிருமி அடங்கிக் கிடந்தது.

மாத்திரை கசக்கும். அதனால் விழுங்கியதும் கனிமொழியின் கன்னத்தில் ஒரு வெல்லக்கட்டி ஒதுக்கப்படும். அதோடு குழந்தை தூங்கிவிடும். தூசியை இழுக்கும் வெல்லம் கசப்பையும் இழுக்காதா என்பது பூவாயியின் மேற்படிப்பு.

வெல்லம் பல்லை இழுத்தது. கடைவாயில் இரண்டு பற்கள் கறுத்துக் குழிவிழுந்தன, ஈறு வீங்கியது. ஒருநாள் குழந்தை வாயைத் திறக்கவே மறுத்தாள்.

"மாத்திரை வாணாம். சோறும் வாணாம். தண்ணி பட்டாலே வலிக்குது."

பூவாயிக்கு உயிரே போயிற்று. பல் போனால் போகட்டும். மாத்திரை நின்றால் அடங்கிய கிருமி எழுந்துகொள்ளுமே. அன்று கெஞ்சிக் கூத்தாடி விழுங்கவைத்துவிட்டு, மறுநாள் கடைவீதியில் ஒரு பல் மருத்துவரிடம் ஓடினாள். உண்மையைச் சொன்னாள். சொன்ன கணமே அங்கிருந்த நாற்காலி பழுதாகிவிட்டது. இப்படிக் காது கேட்கும் நாற்காலிகள் நம் நாட்டில் அதிகம்.

அங்கிருந்து அரசு மருத்துவமனை. பல் டாக்டர் ஹுமைரா, மங்கலம்பேட்டைக்காரர். பூவாயி நாற்காலியைப் பார்த்தபடியே சொன்னாள்.

"எங்க ரெண்டு பேருக்கும் எச்.ஐ.வி. இருக்குதுங்க டாக்டரம்மா. நாற்காலி ஓடுமுங்களா?"

"அது பாட்டுக்கு ஓடுது. இங்க எல்லா வாய்க்கும் ஒரே சுத்தந்தான். புள்ளைய உக்கார வைங்க." டாக்டர் குனிந்து பார்த்தார். "என்னா பாப்பா, சக்கர ஆலைய வாய்க்குள்ள வச்சிருக்க? பெண்ணாடம் சக்கர ஆலைக்காரங்க கேஸு போடப்போறாங்க."

கனிமொழி சிரித்தாள், வாய் திறந்துகொண்டது. டாக்டருக்கு வேண்டியது அதுதான்.

பூவாயி வெல்ல விஞ்ஞானத்தை முறைப்படி விளக்கினாள்.

"யோசன நல்லாத்தான் இருக்குது. ஆனா இந்தக் கிருமி இருக்குற புள்ளைங்களுக்கு வாய் சுலபமா காயும், புண்ணு வரும், பல்லு சொத்தையாவும். மாத்திரைக்கு அப்புறம் தண்ணி, பிரஷ்ஷு, தூக்கம். வேற ஒண்ணும் கூடாது."

"நான் வெல்லம் தின்னலாமுங்களா?"

"உங்க வாயக் காட்டுங்க, சொல்றேன்."

பூவாயி வாயை இறுக மூடிக்கொண்டாள்.

மாத்திரை தரும் மையத்தில் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு, ஊசி போட்டு, இரண்டு பால் பற்களையும் டாக்டர் எடுத்தார். அன்று இரவு ஆறிய கஞ்சியைக் குடித்துவிட்டுக் குழந்தை தானாகவே மாத்திரைக்குக் கையை நீட்டினாள்.

"கசக்குமேடி."

"கசக்கட்டும். வலிக்கலையே."

மாத்திரை இறங்கும்வரை பூவாயியும் சேர்ந்து எச்சில் விழுங்கினாள். பிறகு மங்கலம்பேட்டைத் திசை பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டாள். டாக்டர் அந்நேரம் தம் வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்திருக்கலாம். கும்பிடுக்கு அதனால் ஒரு குறைவும் இல்லை.