டசனில் காணாமல்போன இரண்டு

எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை மடுவத்துக்கு முப்பத்தொரு படிகள். தாய்மார் கொழுந்து பறிக்கப் போகும்போது குழந்தைகளை விட்டுச்செல்லும் இடம் அது. போன செவ்வாய்க்கிழமை அந்தப் படிகளில் இரண்டு தடவை ஏறி இரண்டு தடவை இறங்கினேன். எழுபத்தாறு வயதில் இது தேவையா?

அன்று என் பிறந்தநாள். தோட்டத்துத் தொழிற்சாலையில் கணக்கெழுதும் கிளாக்கராக இருந்த காலத்திலிருந்தே, அந்த நாளில் மடுவத்துப் பிள்ளைகளுக்கு ஏதாவது இனிப்புக் கொடுப்பது வழக்கம். முந்தின நாளே போய்த் தலைகளை எண்ணினேன் — பன்னிரண்டு. மறுபடி எண்ணினேன். பன்னிரண்டேதான். பொகவந்தலாவைக் கடைவீதியில் ஒரு பெட்டி கப் கேக் வாங்கினேன். மூடியில் ஆங்கிலத்தில் கொட்டை எழுத்து: டசன்.

பஸ் திரும்பும் வளைவுகளை எண்ணுவேன். மாத்திரைகளை எண்ணுவேன். அந்தப் பெட்டியை மட்டும் திறந்து எண்ணவில்லை. அதுதான் மூடியிலேயே எழுதியிருக்கிறதே...

மடுவத்தைப் பார்த்துக்கொள்ளும் சரசு ஒரு சட்டம் வைத்திருக்கிறாள். எல்லார் கைக்கும் வந்த பிறகுதான் யாரும் வாயில் வைக்கலாம். பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்தார்கள். சரசு கொடுத்துக்கொண்டே போனாள். பத்தாவது பிள்ளையோடு பெட்டி காலி. வரிசையின் கடைசியில் இருந்த தர்ஷினியும் கவினும் நீட்டிய கையை மடக்கவில்லை.

“கிளாக்கரய்யா, பன்னெண்டுன்னு சொன்னீங்க?”

“பன்னெண்டுதான் வாங்கினேன்.”

“அப்ப ரெண்டு மட்டும் பின்னால நடந்து வருதுங்களா?”

“பிச்சுக் குடுத்துரலாமே, சரசு.”

“யாரோடதப் பிக்கட்டும்? நீங்களே கையக் காட்டுங்க.”

பத்து முகங்களையும் பார்த்தேன். கை எழவில்லை. காலிப் பெட்டியோடு படி இறங்கி, கடைவீதிக்கு ஆட்டோ பிடித்தேன்.

வழியெல்லாம் அந்தச் சொல்தான் மண்டைக்குள். டசன் என்றால் என்ன? இலத்தீனில் ‘இரண்டும் பத்தும்’ என்று பிறந்த சொல் அது. பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து ஆங்கிலத்துக்கு வந்தது. துரைமார் அதை நம் மலைக்குக் கொண்டுவந்தார்கள். பன்னிரண்டை இரண்டு பேருக்கு, மூன்று பேருக்கு, நான்கு பேருக்கு, ஆறு பேருக்கு — யாருக்கும் குறையாமல் பங்கு போடலாம். பத்தை மூன்று பேருக்குப் பிரித்துப் பாருங்கள், தெரியும்.

பழைய இங்கிலாந்தில் ரொட்டி சுட்டவர்கள், குறைத்து விற்றதாகத் தண்டனை வந்துவிடுமோ என்று டசனுக்குப் பதின்மூன்று கொடுத்தார்களாம். பயம் எவ்வளவு நல்ல விஷயம்!

கடைக்கார நானா நான் நீட்டிய காலிப் பெட்டியைக் கவிழ்த்துக் காட்டினார்.

“பாருங்க ஐயா, அடியில பத்துன்னு போட்டிருக்குதானே.”

கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தேன். எறும்புத் தலை அளவில் ஒரு பத்து.

“டசன் மட்டும் என் கட்டைவிரல் அகலத்துக்கு இருக்கே, நானா?”

“அத கொழும்புல பெட்டி அடிக்கிற ஆக்கள்கிட்டத்தான் கேக்கணும்.”

“இதுவரைக்கும் யாரும் வந்து கேக்கலையா?”

“நீங்கதான் மொதல் ஆள்.”

இதுதான் என்னைக் கொதிக்க வைத்தது. அடியில் பத்து என்று அச்சடித்தவனுக்கு எண்ணத் தெரியாதா? நன்றாகத் தெரியும். நாம் எண்ண மாட்டோம் என்பதும் தெரியும். பத்தை உள்ளே வைத்து, இரண்டைத் தனக்கு எடுத்துக்கொண்டு, சொல்லை மட்டும் முழுசாக மூடியில் ஒட்டிவிட்டான். கொழும்பில் அது வெறும் இரண்டு. எங்கள் மடுவத்தில் அந்த இரண்டுக்கும் பெயர் இருக்கிறது.

நானா இன்னொரு பெட்டியை உடைத்து இரண்டை எடுத்துக் காகிதத்தில் சுற்றினார். “சத்தம் போட்டது போதும். கொண்டு போங்க, புள்ளைகள் பாத்துட்டு இருக்கும்.”

திரும்பி முப்பத்தொரு படி ஏறும்போது நாற்பது நிமிடம் ஆகியிருந்தது. அதே வரிசை. பத்துக் கைகளில் பத்துக் கேக். தர்ஷினிக்கும் கவினுக்கும் கொடுத்த பிறகு, பழக்கதோஷம், ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டு போனேன். பன்னிரண்டும் சரி.

ஏழாவது கேக்கின் ஓரத்தில் மட்டும் எலி கொறித்த மாதிரி ஒரு சின்னப் பல்தடம். அதை நான் கணக்கில் சேர்க்கவில்லை.