கொடி இறங்காததால் வர முடியாத சம்பந்தி

என் சம்பந்தி வேலாயுதம் மலாக்காவில் காஜா பெராங்கில் இருப்பவர். அங்கே கோயில் திருவிழாவுக்குக் கொடி ஏற்றுவது எப்போதும் அவர்தான். ஏற்றியதும் மணிக்கட்டில் மஞ்சள் காப்பு கட்டிக்கொள்வார். கொடி இறங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்ட மாட்டார்.

ஐம்பத்தேழில் சுதந்திரம் வந்தபோது, தெருவெல்லாம் மலாயாக் கொடி கட்டும் வேலையும் அவரிடமே வந்தது. ஏணியைத் தூக்கிக்கொண்டு கடை கடையாகக் கட்டினார். பாதிக் கடை பூட்டிக் கிடந்தது. கப்பல் வரத்துக் குறைந்து, வியாபாரிகள் சிங்கப்பூருக்கும் கோலாலம்பூருக்கும் போய்விட்டார்கள். பூட்டிய கடைக்கும் ஒரு கொடி. கட்டி முடித்ததும் பழக்கதோஷத்தில் காப்பும் கட்டிக்கொண்டார்.

மெர்டேக்கா என்ற அந்தச் சுதந்திரக் கொண்டாட்டம் முடிந்தது. கொடி மட்டும் இறங்கவில்லை.

இந்த நேரத்தில்தான் மூவாரில் எங்கள் வீட்டுக்குப் பிரசவத்துக்கு வந்திருந்த என் மகளுக்குப் பெண் குழந்தை பிறந்தது. அப்படி ஓர் அழகை அந்த ஊர் பார்த்ததே இல்லை. சந்தேகம் இருந்தால் யாரை வேண்டுமானாலும் கேளுங்கள், நான் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். எங்கள் வழக்கத்தில் அப்பாவைப் பெற்றவர்தான் குழந்தையின் காதில் பெயரைச் சொல்லித் தொட்டிலில் போடவேண்டும். அவர் வராவிட்டால் குழந்தைக்குப் பெயர் கிடையாது. நாள் குறித்தாயிற்று. அவரைக் கூட்டிவர நானே போனேன்.

“கொடி பறக்குதே சம்பந்தி, எப்படி வர்றது?”

“அது கவர்மெண்டு கொடிங்க.”

“கொடின்னா கொடிதான். ஏத்துனது என் கை.”

“அப்ப இறக்கிட்டு வாங்க.”

“ஏத்தச் சொன்னவங்கல்ல இறக்கச் சொல்லணும்?”

சொன்னவர்களின் ஆபீசுக்கே போனோம். அங்கே பேரேடு எழுதிக்கொண்டிருந்த கிராணி ராஜரத்தினம் தலையைக்கூடத் தூக்கவில்லை.

“கொடியையும் எடுத்துட்டா அந்தத் தெருவுல வேற என்னய்யா இருக்கு? பறக்கட்டும்.”

சம்பந்தி வழியெல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் மனைவி அன்னம்மா வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

“பேத்தி கல்யாணத்துக்காவது காப்பை அவுப்பீங்களா? இது மலாக்காக் கொடியா? மலாயாக் கொடி. மலாயா எங்க முடியுதோ அங்கதான் எல்லை. மூவாரு உள்ளதான் இருக்கு. சட்டையப் போடுங்க!”

சம்பந்தி சட்டையை மாட்டிக்கொண்டார். “கொடி பறக்குற எடம் வரைக்கும் வர்றேன்,” என்றார்.

அன்னம்மாவும் கூடவே கிளம்பினார். பஸ்ஸில் சம்பந்தி ஜன்னலோரம் உட்கார்ந்து ஊருக்கு ஊர் கொடியைத் தேடினார். கொடியே இல்லாத ரப்பர் தோட்டம் வந்தால் கண்ணை மூடிக்கொண்டார். மூவார் ஆற்றில் ஃபெர்ரி ஏறினோம். அதன் உச்சியில் கொடி பறந்தது. அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

அக்கரையில் ஒரு கொடிகூட இல்லை. எங்கள் ஊர்க்காரர்கள் எப்போதோ கழற்றி மடித்து வைத்துவிட்டார்கள்.

“நான் எறங்க மாட்டேன்.”

“பேத்தி வீட்டுல காத்திருக்கா சம்பந்தி!”

“கொடி இல்லாத மண்ணுல கால் வைக்க மாட்டேன். கோவிச்சுக்காதீங்க.”

“இந்த மனுசனோட நான் எப்படித்தான் குடும்பம் நடத்துனேனோ,” என்றார் அன்னம்மா.

ஃபெர்ரி அவரோடு திரும்பிப் போனது. நான் வீட்டுக்கு ஓடினேன். மகள், குழந்தை, தொட்டில் சேலை, சர்க்கரைத் தண்ணீர் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்து, அது மறுபடி கரைக்கு வந்ததும் ஏறினோம். இரண்டு லாரிகளுக்கு நடுவில், கூரைக் கம்பியில் சேலையைக் கட்டினோம்.

நடு ஆற்றில் சம்பந்தி குனிந்து, “சீதா,” என்றார். இன்ஜின் சத்தத்தில் குழந்தைக்குக் கேட்டிருக்காது என்று அவருக்குச் சந்தேகம். இரண்டாவது தடவை உரக்கச் சொன்னார். மூன்றாவது தடவை கத்தியே விட்டார். லாரிக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். கோழிக்கூடையோடு நின்ற சீனத் தாத்தா எதற்கோ கை தட்டினார். மலாய்க்கார ஃபெர்ரி டிரைவர், “சீத்தா!” என்று திருப்பிச் சொல்லி ஹாரன் அடித்தார்.

கரை வந்தது. தொட்டிலிலிருந்து சம்பந்தி தூக்கி வைத்திருந்த குழந்தையை வாங்க நான் கையை நீட்டினேன். அவர் கொடுக்கவில்லை.

“இன்னொருவாட்டி போயிட்டு வருவமே,” என்றார்.

எனக்கும் இறங்க மனசு வரவில்லை.