கொட்டாஞ்சேனையில் ஒரு பிரிஃபெக்ட்: உடம்பு எங்களுக்கு, எஞ்சின் அல்பர்ட் அங்கிளுக்கு

கடந்த ஆகஸ்ட் பள்ளி விடுமுறையில் நானும் என் கணவர் ரமணனும் வவுனியாவிலிருந்து கொழும்புக்கு மூன்று நாள் போய் வந்தோம். கடற்கரை பார்க்கவோ உடுப்பு எடுக்கவோ இல்லை. ஒரு பழைய காரின் உடம்பு தேடிப் போனோம். கோயில், குளம், ரயில் என்று எழுதிக்கொண்டிருந்தவளுக்கு என்ன நடந்தது என்று நினைப்பவர்களுக்காக முதலில் கொஞ்சம் விளக்கம்.

ஹொட் ரொட் என்று ஒரு வகைக் கார் உண்டு. இரண்டாம் உலகப் போர் முடிந்த காலத்தில் அமெரிக்க இளைஞர்கள் பழைய கார்களை மலிவாக வாங்கி, சில்லுகளை மூடியிருக்கும் மட்காட்டைக் கழற்றி, கூரையை வெட்டித் தணித்து, பெரிய எஞ்சினைப் பொருத்தி ஓட்டினார்கள். இன்றைக்கு அதே மாதிரிக் கட்ட விரும்புகிறவர்களில் ஒரு கடும்போக்குப் பிரிவினர் இருக்கிறார்கள். அந்தக் காலத்துச் சாமானைத் தவிர வேறெதையும் காரில் ஏற்றமாட்டார்கள். வவுனியாவில் தண்ணீர்ப் பம்பு விற்கும் என் கணவர் எப்படியோ அந்தப் பிரிவில் சேர்ந்துவிட்டார். 1955க்குப் பிறகு செய்த ஒரு ஆணியும் தன் காரில் இருக்கக்கூடாது என்பது அவருடைய சட்டம்.

மன்னார்ப் பக்கத்து அரிசி ஆலை ஒன்றில் இயந்திரப் பட்டியைச் சுற்றிக்கொண்டு கிடந்த பழைய இராணுவ லொறி எஞ்சின்தான் இதற்குப் பிள்ளையார்சுழி. எட்டு சிலிண்டர். அதை வாங்கி வந்து, பிரித்துச் சேர்த்து, கியர்பொக்ஸ், பின் அச்சு, நான்கு சில்லு எல்லாம் தேடி எடுத்துவிட்டார். இரண்டு வருடமாக எங்கள் வீட்டு முற்றத்தில் ஒரு காரின் உள்ளுறுப்புகள் எல்லாம் இருந்தன, தோலைத் தவிர. வடக்கில் கேட்டுப் பார்த்த இடமெல்லாம் கையை விரித்தார்கள். கொழும்புதான் கடைசி நம்பிக்கை.

காலை ரயிலில் ஏறினோம். வவுனியாவிலிருந்து கொழும்புக் கோட்டை நிலையத்துக்கு ஏறக்குறைய ஐந்து மணித்தியாலம். இடப்பக்க யன்னல் இருக்கை கிடைத்தால் காலை வெயில் முகத்தில் அடிக்கும், வலப்பக்கம் கேளுங்கள். வெள்ளவத்தையில் அக்கா வீட்டில் தங்கல். சோறு போட்டுக்கொண்டே அக்கா, இந்தக் காசுக்கு ஒரு நல்ல சின்னக் கார் வாங்கி ஏசி போட்டுக்கொண்டு போகலாமே என்றாள். ரமணன் இன்னொரு துண்டு மீன் கேட்டார்.

முதல் நாள் பின்னேரம் பஞ்சிகாவத்தை. வாகன உதிரிப்பாகத்துக்குப் பேர்போன இடம். மருதானைச் சந்தியிலிருந்து நடக்கலாம். நான் பார்த்துக்கொண்டிருக்கவே ஒரு கடைக்காரர் மிக அழகான வட்டக் கண்ணாடி ஒன்றை எடுத்து வந்தார். ரமணன் திருப்பிப் பார்த்தார், ஏதோ ஒரு எண்ணைக் கண்டார், இது அறுபதுகளில் வந்தது, வேண்டாம் என்று சிங்களத்தில் சொன்னார். பழசு வேணும் என்றீங்களே, இது பழசுதானே என்று அந்த மனுசன் கேட்டது நியாயமான கேள்வி. கடை கடையாக ஏறி இறங்கி, இரண்டு முன்விளக்குகளும் என் செருப்பு அறுந்ததும்தான் அன்றைய வரவு.

மறுநாள் காலை பாமன்கடையில் ஃபைசல் நானாவிடம் போனோம். பழைய கார்கள் எங்கே நிற்கின்றன என்று கொழும்பிலேயே அதிகம் தெரிந்தவர் என்று ரமணனுக்கு யாரோ சொல்லியிருந்தார்கள். கொட்டாஞ்சேனையில் ஒரு வீட்டில் ஃபோர்ட் பிரிஃபெக்ட் இருக்கிறது, 1951, ஆனால் முன்பு கேட்டுப் போன இரண்டு பேரையும் வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள் என்றார் நானா. முகவரி தந்து, தொலைபேசியில் நாங்கள் வருவதாகவும் சொல்லிவிட்டு, வெட்டப் போகிறோம் என்று மட்டும் அங்கே வாயைத் திறக்க வேண்டாம் என்று எச்சரித்தார். பழைய கார் வைத்திருப்பவர்களுக்கு அந்தச் சொல் ஆகாதாம்.

வெள்ளவத்தையில் காலி வீதியில் 155ஆம் இலக்க பஸ் பிடித்தால் நேரே கொட்டாஞ்சேனைக்குப் போகலாம். பத்துக் கிலோமீற்றர்தான். ஆனால் நெரிசலில் ஒரு மணித்தியாலத்துக்கு மேல் எடுக்கும். வழி முழுக்க, என்ன சொல்வது என்று நானும் ரமணனும் கதைத்துக்கொண்டு போனோம். அவருக்குப் பொய் வராது. கடையில் பம்பு ஓடாது என்றால் வாங்க வந்தவரிடமே ஓடாது என்று சொல்லிவிடும் ஆள். ஆகவே நான் கதைப்பது என்று முடிவு.

கதவைத் திறந்தவர் பெர்னடெட் அன்ரி. பள்ளியில் விளையாட்டு ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபது வயது இருக்கும், படி ஏறும்போது நாங்கள்தான் பின்தங்கினோம். கணவர் அல்பர்ட் மீன் வாங்கப் போயிருந்தார். வீட்டின் பக்கவாட்டில் தகரக் கொட்டில். அதற்குள்ளே நத்தார்க் குடில் சாமானுக்கும் பழைய கட்டில் சட்டங்களுக்கும் நடுவே கார் நின்றது. கறுப்பு நிறம் உரிந்து, டயர் நான்கும் காற்றிறங்கி இருந்துபோய், ஆனால் உடம்பு நேராக. ரமணன் குனிந்து டோர்ச் அடித்துப் பார்த்துவிட்டு எழும்பியபோது அவருடைய முகத்தில், எங்கள் கல்யாணத்தன்றுகூட நான் காணாத ஒரு பிரகாசம்.

தேத்தண்ணி வந்தது. இதை என்ன செய்யப் போறீங்க என்று அன்ரி கேட்டார். நன்றாகத் துடைத்து, கவனமாக வைத்துப் பார்ப்போம் என்று நான் சொன்னேன்.

அன்ரியின் முகம் சுருங்கிவிட்டது. "அப்ப விக்கிறதுக்கில்ல மகள். தேத்தண்ணிய குடிங்க" என்றார்.

அவ்வளவுதான். நான் எங்கே பிழைவிட்டேன் என்று எனக்கு விளங்கவில்லை. ரமணன் கோப்பையைக் கீழே வைத்தார். என்ன நடக்கப் போகிறது என்று எனக்குத் தெரிந்தது, ஆனால் தடுக்க நேரமிருக்கவில்லை.

"அன்ரி, உண்மையைச் சொல்லுறன். நாங்கள் இதை வைச்சுப் பார்க்கப் போறதில்லை. மட்காட்டைக் கழட்டி, கூரையை வெட்டித் தணிச்சு, இதைவிட மூன்று மடங்கு பெரிய எஞ்சின் வைச்சு ஓடப் போறம்."

அன்ரி கதிரையை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு கேட்டார்: "எவ்வளவு வேகம் போகும்?"

இருவரும் கதைக்கத் தொடங்கிவிட்டார்கள். பிறேக் பிடிக்குமா, வளைவில் கவிழாதா, இத்தனை பாரமான எஞ்சினை இந்த முன் அச்சுத் தாங்குமா என்று அன்ரி கேட்ட கேள்விகளில் இரண்டுக்கு ரமணனிடம் இன்னும் பதில் இல்லை. இடையில்தான் கதை விளங்கியது. அல்பர்ட் அங்கிள் இந்தக் காரை மணிக்கு இருபத்தைந்து மைலுக்கு மேல் ஓட்டியதே இல்லையாம். மட்டக்குளிக்கு மாமியார் வீட்டுக்குப் போனாலும் சரி, பள்ளி விளையாட்டுப் போட்டிக்குப் போனாலும் சரி, அதே இருபத்தைந்துதான். நூறு மீற்றர் ஓட்டத்தில் பரிசு வாங்கிய பெண் நாற்பது வருடம் அதற்குள் உட்கார்ந்திருந்தார். முன்பு வந்த இரண்டு பேரும் காரைப் பளபளப்பாக்கி நிறுத்திவைக்கப் போவதாகச் சொன்னார்களாம். சும்மா நிற்பதென்றால் இங்கேயே நிற்கலாமே என்று அன்ரி அனுப்பிவிட்டாராம்.

நாங்கள் சிரித்துக்கொண்டிருந்த நேரம் அல்பர்ட் அங்கிள் மீன் பையோடு உள்ளே வந்தார். துறைமுகத்தில் பாரந்தூக்கி ஓட்டியவர், இப்போது முழங்கால் வருத்தம், மெல்லத்தான் நடப்பார். அன்ரி ஒளிக்காமல் சொன்னார்: "இவங்க நம்மட கார வெட்டுவாங்களாம். நான் சரி சொல்லிட்டன்."

அங்கிள் பையை மேசையில் வைத்துவிட்டுக் கொட்டிலுக்குப் போய்விட்டார். அன்ரியின் சிரிப்பும் நின்றுவிட்டது. ஒரு மனுசன் நாற்பது வருடம் பார்த்துப் பார்த்து வைத்திருந்ததை, அவர் மீன் வாங்கப் போன இடைவெளியில் முடிவு செய்துவிட்டோமே என்று எனக்கு வெட்கமாக இருந்தது. எழும்பிப் போய்விடலாம் என்று ரமணனுக்குக் கண்ணைக் காட்டினேன். அவர் எழும்பினார், ஆனால் கொட்டிலுக்குத்தான் போனார். நானும் வாசல் வரை போனேன்.

அங்கிள் பொனட்டைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றார். மட்காட்டை என்ன செய்வீர்கள் என்று கேட்டார். கழற்றிவிடுவோம் என்றார் ரமணன். கூரையை எவ்வளவு தணிப்பீர்கள் என்று கேட்டார். மூன்று அங்குலம் என்றார். ஒவ்வொன்றாகக் கேட்டார், ஒவ்வொன்றுக்கும் உள்ளபடி பதில் கிடைத்தது. கடைசியாகக் கையை எஞ்சினில் வைத்தார்.

"இது?"

"எங்களிட்ட வேற எஞ்சின் இருக்குது அங்கிள். இது தேவைப்படாது."

"தேவைப்படாதா?"

"ஓம். கழட்டித்தான் ஆகவேணும்."

அங்கிள் கையை எஞ்சினிலிருந்து எடுக்கவில்லை. "அப்ப இத விட்டுட்டுப் போங்க. மத்ததெல்லாம் கொண்டு போங்க" என்றார். குரல் மாறியிருந்தது. நான் முதலில் கோபம் என்று நினைத்தேன். சந்தோசம்.

அவருக்குக் காரின் உடம்பில் ஒருநாளும் பெரிய பற்று இருந்ததில்லையாம். ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்து வந்து பிரித்துப் பூட்டியது, காது கொடுத்துக் கேட்டது எல்லாம் எஞ்சினைத்தான். முழங்கால் போன பிறகு காருக்குக் கீழே படுக்க முடியவில்லை. இரண்டு வருடமாக அதைத் தொடவில்லை. எஞ்சின் இல்லாத காரை எவன் வாங்குவான் என்று நினைத்து, வந்தவர்களிடம் அதைக் கேட்கவும் இல்லை.

மூன்றாம் நாள் காலை நாங்கள் போனபோது அங்கிள் எங்களுக்கு முன்பே தயாராக இருந்தார். கொட்டிலின் மரத்தில் சங்கிலிக் கப்பியைத் தொங்கவிட ரமணன் பார்த்தார், அந்த மரம் தன்னையே தாங்காது என்று அங்கிள் சொல்லிவிட்டார். மூன்று இரும்புக் குழாயை முக்காலியாகக் கட்டி அதில் மாட்டினார்கள். அயலில் இருந்து இரண்டு பேர் கைகொடுக்க வந்தார்கள். அங்கிள் கதிரையில் இருந்துகொண்டு துறைமுகத்துக் கைச்சைகை காட்ட, அது யாருக்கும் விளங்காமல் எஞ்சின் ஒருபக்கம் சரிய, அன்ரி உள்ளே போய்த் தன் விசிலை எடுத்துக்கொண்டு வந்தார். ஒரு விசில் என்றால் தூக்கு, இரண்டு என்றால் நில். அதன் பிறகு ஒரு கீறலும் இல்லாமல் வெளியே வந்தது. பழைய கட்டில் சட்டங்களை வெட்டி, தெருமுனைப் பட்டறையில் ஒட்டுவித்து, இடுப்பளவு உயரத்தில் ஒரு தாங்கி செய்து அதில் எஞ்சினை இருத்தினோம். இனிக் குனியவே தேவையில்லை. தண்ணீர் சுற்ற வேண்டுமே என்று காரின் றேடியேற்றரையும் ரமணன் தானாகவே கழற்றிக் கொடுத்தார்.

காரை ஏற்ற நாங்கள் பேசிவைத்த லொறி வந்துவிட்டது. பலகை போட்டுக் காரைத் தள்ளி ஏற்றினோம். மழை இருட்டிக்கொண்டு வந்தது, பேலியகொடையில் நெரிசல் தொடங்கிவிடும் என்று சாரதி அவசரப்படுத்தினார். ஆனால் ரமணன் ஏறவில்லை. இரண்டு வருடம் ஓடாத எஞ்சின் இனி ஓடாவிட்டால், அந்த மனுசனிடம் நாங்கள் விட்டுப் போவது ஒரு இரும்புக் கட்டி மட்டும்தான். காபரேற்றரைக் கழுவி, புதுப் பெற்றோல் விட்டு, எஞ்சினைக் கிளப்பும் கம்பியை முன்னால் போட்டுச் சுற்றினார். இல்லை. திரும்பவும் சுற்றினார். ஒரு தும்மல், அவ்வளவுதான். வேர்த்து ஒழுகியது. சாரதி ஹோன் அடித்தார். அங்கிள் எழும்பி வந்து காபரேற்றரின் வாயை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு, "இப்ப சுத்துங்க மகன்" என்றார்.

பிடித்துக்கொண்டது. கொட்டில் முழுக்க நீலப் புகை. தகரம் கிடுகிடுத்தது. அங்கிள் கண்ணை மூடிக்கொண்டு தலையை ஒருபக்கம் சாய்த்துக் கேட்டார். அன்ரி காதைப் பொத்திக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். நாங்கள் சந்தி திரும்பும்வரை அந்தச் சத்தம் கேட்டது.

இப்படியொரு பயணம் போக நினைப்பவர்களுக்கு எனக்குத் தெரிந்தது இவ்வளவு. பஞ்சிகாவத்தைக்கு வார நாளில் போங்கள். ஞாயிறும் போயா விடுமுறையும் வீண், கடை பூட்டு. கொஞ்சம் சிங்களம் கைவசம் இருக்கட்டும், நல்ல டோர்ச்சும் பழைய உடுப்பும் அதைவிட முக்கியம். காருக்கு மேலே பார்க்காதீர்கள், கீழே பாருங்கள். பதிவுப் புத்தகத்தில் உள்ள சேஸி எண்ணும் காரில் உள்ளதும் ஒன்றா என்று பார்க்காமல் கைமாற்ற வேண்டாம். எஞ்சினையும் உடம்பையும் மாற்றுவதற்கு அனுமதி எடுக்காமல் வீதியில் இறக்க முடியாது. எங்கள் வண்டி இப்போதைக்கு நண்பரின் தென்னந்தோட்டத்துக்குள்தான் ஓடும். கொழும்பிலிருந்து வவுனியாவுக்கு லொறிக் கூலி அறுபதாயிரம் ரூபா கொடுத்தோம். காரின் விலையை எழுத வேண்டாம் என்று அங்கிள் கேட்டுக்கொண்டார், அயலவர்கள் சிரிப்பார்களாம்.

இன்னொன்று. விற்பவர் மனதில் என்ன இருக்கிறது என்று நாமே ஊகித்து, அதற்கேற்பக் கதை சோடித்துக்கொண்டு போகாதீர்கள். ஃபைசல் நானாவின் பேச்சைக் கடைசிவரை கேட்டிருந்தால் நாங்கள் மூன்றாவது ஆளாக வெறுங்கையோடு திரும்பியிருப்போம்.

போன ஞாயிறு அன்ரி தொலைபேசி எடுத்தார். பின்னால் எஞ்சின் ஓடுகிற சத்தம். வேகம் எவ்வளவு வந்திருக்கிறது என்று கேட்டார், இன்னும் கூரையே வெட்டவில்லை என்றேன். கொட்டில் காலியாகும், உடுப்புக் காயப்போடலாம் என்று தான் நினைத்திருந்ததாகச் சொன்னார். நின்ற இடத்தில் ஓடுகிற எஞ்சினுக்குக் காற்றுப் போதாது, சூடாகிறது என்று அங்கிள் அதற்கு முன்னால் ஒரு மின்விசிறி வாங்கி வைத்திருக்கிறாராம்.

"குசினியில எனக்கு ஒண்டு போட்டுத் தாங்கன்னு இருபது வருசமா கேக்கிறன் மகள்" என்றார் அன்ரி. "இப்ப காய்கறி வெட்டுறதுக்கு நான் கதிரைய தூக்கிட்டு அதுக்குப் பக்கத்தில போய் இருக்கிறன்."